சாப்பிட்டதும் ஒரு டம்ளர்

மாமியார் சாப்பிட்டுக் கழுவிய கை காய்வதற்குள் மருமகள் டம்ளரோடு வந்து நின்றாள். உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் பெர்ரிப் பழச்சாறு. சர்க்கரை கிடையாது.

"குடிச்சிடுங்க அத்தை. சாப்பிட்டதும் ரத்தத்துல சர்க்கரை சரசரன்னு ஏறுதுல்ல, இது கொஞ்சம் பிடிச்சு வைக்குமாம்."

ஒரு வாய்தான் உள்ளே போனது. மாமியாரின் முகம் அஷ்டகோணலானது. மருமகள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் மீதியைக் கழுவுதொட்டிக்குக் கொடுத்தாள். தினமும் இதே கதைதான். தொட்டிக்குச் சர்க்கரை வியாதி இருந்திருந்தால் இந்நேரம் குணமாகியிருக்கும்.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மருமகளைப் பற்றி வீட்டிலேயே வாய்விட்டுப் பேச முடியுமா? அதற்கென்றே கடைசித் தெருவில் தங்கை இருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு புலம்பல், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு புலம்பல். விஷம் வைக்காதது ஒன்றுதான் பாக்கி என்று முடிப்பாள்.

இந்த முறையும் சர்க்கரை இறங்காவிட்டால் தினமும் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊசி என்றாலே மாமியாருக்குப் பாதி உயிர் போய்விடும். ஆனாலும் வீறாப்பு என்று ஒன்று இருக்கிறதே.

பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டருக்கு ஒரே சந்தோஷம். சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. ஊசி வேண்டாம். கூட வந்திருந்த மருமகள் தினமும் கொடுத்த சாறு வேலை செய்திருக்கிறது என்று அவர் சொன்னதுதான் தாமதம், தப்பித்த நிம்மதியெல்லாம் மாமியாருக்குப் பறந்துவிட்டது. நல்ல பெயர் இவளுக்கா?

"முதல் வாய்க்கு மேல உள்ள போகல டாக்டர். அத்தனையும் தொட்டியிலதான் ஊத்தினேன்."

டாக்டர் குழம்பினார். அப்படியானால் சாப்பிட்டதும் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"இவ பண்ற கொடுமையைச் சொல்லி அழ என் தங்கச்சி வீட்டுக்குப் போவேன். கடைசித் தெரு. மாடி வேற."

டாக்டர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சாப்பிட்டதும் நடக்கச் சொன்னீங்க. மூட்டு வலின்னு வாசலைக்கூடத் தாண்டல. அதான், இருக்கிறதுலயே புளிப்பான பழமாப் பார்த்து வாங்கினேன். சின்னத்தைகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன் டாக்டர், என்னைத் திட்டுறப்ப சமாதானம் மட்டும் பண்ணிடாதீங்க, அப்புறம் மறுநாள் வரமாட்டாங்கன்னு."