திருப்பும் நேரம்

பின்வாசலில் மாலை வெயில் சாய்ந்திருக்கிறது. கரியடுப்பின் கம்பி வலைமேல் மூன்று வஞ்சிரத் துண்டங்கள் கிடக்கின்றன. மிளகும் பூண்டும் எலுமிச்சைச் சாறும் தடவி அவற்றை ஊறவைத்தவள் நான். இடுக்கியைப் பிடித்திருப்பவள் என் ஓரகத்தி, இவ்வீட்டின் இளைய மருமகள். எண்ணெய் சொட்டும்போதெல்லாம் கரி சீறுகிறது. “சின்னவ கை பட்டாலே வாசனை தெருமுனை வரைக்கும் போகுது” என்கிறார் மாமியார். பத்து ஆண்டுகளில் எனக்குக் கிடைத்திராத சொல் அது. “ஊற வெச்சது அக்கா. நான் சும்மா விசிறிட்டு நிக்கிறேன் அத்தை” என்று அவள் சிரிக்கிறாள். அந்தப் பெருந்தன்மையும், மன்னிக்க வேண்டும், எனக்கு எரிச்சலையே தருகிறது. அடிப்பக்கம் நன்கு வெந்தால் மீன் தானாகவே கம்பியை விட்டுவிடும். அதற்குமுன் தொட்டால் பிய்ந்துபோகும். அவளுக்கு அது தெரியாது. “அக்கா, இப்பத் திருப்பலாமா?” என்று என் முகத்தைப் பார்க்கிறாள். துண்டங்களின் ஓரம் இன்னும் வெளுக்கவே இல்லை. “தாராளமா திருப்பும்மா” என்கிறேன். முதல் துண்டத்தில் பாதி கம்பியோடு நின்றுவிடுகிறது, இரண்டாவதும் அப்படியே. “ஏம்மா, பூனைக்கா சுடுறே?” என்கிறார் மாமியார். நான் தட்டைத் துடைப்பதில் மும்முரமாகிறேன். “அக்கா பொறுன்னுதான் சொன்னாங்க அத்தை. நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்கிறாள் அவள். மூன்றாவதைத் தொடாமல் காத்திருக்கிறாள். அது தானாகக் கம்பியை விட்டதும், உடையாத அந்த ஒரே துண்டத்தை எடுத்து, ஊதி ஆற்றி, என் தட்டில் வைக்கிறாள்.