பதினோரு மணி ஒத்திகை

"சார், ஆள் உழுந்துட்டாரு! லோடிங் ஷெட்டாண்ட!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தான் தொழிலாளி எட்வர்ட்.

பாதுகாப்பு அதிகாரி அன்புராஜ் மணி பார்த்தார். பத்து ஐம்பத்தைந்து.

"பதினோரு மணிக்குத்தானேய்யா விழச் சொன்னேன்? இந்த கான்ட்ராக்டர் அனுப்புற ஆளுங்களே இப்படித்தான்" என்று முணுமுணுத்தபடி ஸ்டாப்வாட்சை அழுத்தினார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த அந்த இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் அன்று பாதுகாப்பு ஒத்திகை. இதயம் நின்றுபோனது போல ஒருவர் விழுவார். முதலுதவிக் குழு ஓடிவந்து காப்பாற்றி, ஆம்புலன்ஸை வரவழைத்து ஏற்ற வேண்டும். போன தடவை குழு இளித்துக்கொண்டே வந்து சேர ஆறு நிமிடம் ஆனது. சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து வந்திருந்த ஆய்வாளர் பெயில் போட்டுவிட்டுப் போய்விட்டார். இன்று அவர் மறுபடி வந்திருந்தார். இன்றும் சொதப்பினால் அன்புராஜ் சொந்த ஊரான ஆரணிக்குப் போய் நெல் வியாபாரம் பார்க்கலாம் என்று முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

ஷெட்டில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் மல்லாந்து கிடந்தார். புது முகம். ஒப்பந்த ஆட்களில் பாதிப் பேர் தினமும் புது முகம்தான், யார் போய்ப் பெயர் கேட்கிறார்கள்?

"மூஞ்சில வேர்வைகூட கரெக்டா வரவெச்சிகினாரு பாருங்க சார்" என்று வியந்தான் எட்வர்ட்.

முதலுதவிக் குழுத் தலைவி ஷைனி அதற்குள் மண்டியிட்டுவிட்டாள். தோளைத் தட்டினாள். கழுத்தில் விரல் வைத்தாள்.

"நாடி இல்ல! மூச்சு இல்ல! எட்வர்ட், ஆம்புலன்ஸுக்குப் போன் போடு, சீக்கிரம்!"

அன்புராஜ் கையிலிருந்த ஒத்திகைப் பட்டியலில் மூன்று டிக் போட்டார். ஓரக்கண்ணால் பார்த்தார். ஆய்வாளரும் எழுதிக்கொண்டிருந்தார்.

ஷைனி கை மேல் கை வைத்து நடுநெஞ்சில் அமுக்கத் தொடங்கினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"ஏம்மா, லேசா அமுக்கு! எலும்பு ஒடைஞ்சிடப் போவுது" என்று அன்புராஜ் குனிந்து கிசுகிசுத்தார்.

"ஒடைஞ்சா ஒடையட்டும். தள்ளி நில்லுங்க சார், காத்து வரட்டும். பதினாறு, பதினேழு..."

கூட்டத்தில் ஒருவர் ஆர்வமாகச் சாவிக்கொத்தை எடுத்து, கிடந்தவர் கையில் திணிக்கப் போனார்.

"இது வலிப்பு இல்லண்ணா, இதயம் நின்னுருக்குது. சாவிய பாக்கெட்ல போடு!" என்று அதட்டினாள் ஷைனி. ஆய்வாளர் புன்னகைத்தார். அன்புராஜுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"இன்னா நடிப்புடா சாமி! இந்த அமுக்கு அமுக்கறா, மனுஷன் கண்ணகூட தொறக்கல. அவருக்கு ரெண்டு பிரியாணி சொல்லுங்க சார்!" என்றான் எட்வர்ட்.

ஷைனியின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. "எழுந்துரு அண்ணா, உன்ன உட மாட்டேன்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. பட்டியலில் அந்த வசனம் இல்லை. நன்றாக இருக்கிறதே என்று அன்புராஜ் அதற்கும் ஒரு டிக் போட்டார்.

ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது கிடந்தவர் கொர்ரென்று மூச்சை இழுத்து இருமினார். இமைகள் அசைந்தன. ஷைனி மறுபடி கழுத்தைத் தொட்டாள்.

"வந்துடுச்சு!" என்று கத்தினாள். ஸ்ட்ரெச்சர் ஏறியதும் தானும் தாவி ஏறிக்கொண்டாள். வண்டி சைரனோடு பறந்தது.

கைதட்டல் அடங்க வெகு நேரமானது. "நான் பார்த்ததிலேயே பிரமாதமான ஒத்திகை இதுதான்" என்று ஆய்வாளர் கை குலுக்கி, தாளில் கையெழுத்தும் போட்டார். அன்புராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது கேட் பக்கமிருந்து ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மன்னிச்சுக்கோங்க சார், எளாவூராண்ட லாரிங்க வரிசையா நின்னுகினு ஷேர் ஆட்டோவ நகரவே உடல. கான்ட்ராக்டர் அனுப்புன மோசஸ் நான்தான். நெஞ்சப் புடிச்சிகினு எங்க உழணும், சொல்லுங்க!"