பெயர் இல்லாத கேள்வி

வெள்ளிக்கிழமை ஆன்லைன் வகுப்பு. திரையில் முப்பத்தொரு கட்டங்கள். ஆறேழு கறுப்பாகக் கிடந்தாலும், அறிவியல் டீச்சரின் கண் ஒன்றின்மேல்தான் போய் நின்றது. வகுப்பே 'மியூட்டு' என்று கூப்பிடும் சிறுமியின் கட்டம் அது. வாய் திறக்கமாட்டாள், மூன்று வாரமாகக் கேமராவையும் திறப்பதில்லை.

சற்றுமுன் அந்தக் கட்டத்திலிருந்து ஓர் ஆணின் அதட்டல் கேட்டது. "இன்னைக்கு உன்னை என்ன பண்றேன் பாரு." சட்டென்று ஒலி அறுந்தது. அடுத்த நிமிடம் கேள்விப் பெட்டியில் ஒரு கேள்வி வந்து விழுந்தது.

'ஜன்னல் இல்லாத ரூமை வெளியில பூட்டிட்டா, உள்ள காத்து எவ்வளவு நேரம் தாங்கும்?'

கேள்விப் பெட்டி டீச்சரின் யோசனை. கேட்பவர் பெயர் தெரியாது என்பதால் கூச்சப்படுகிற பிள்ளைகளும் கேட்கும். "யார் கேட்டாங்கன்னு எனக்கே தெரியாது, தைரியமா கேளுங்க" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை, 'இருட்டு கண்ணுக்குப் பழக எவ்வளவு நேரம் ஆகும்?' என்று ஒரு கேள்வி. டீச்சர் பூரித்துப்போய், வகுப்பறைத் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, கடிகாரம் பிடித்துச் செய்தே காட்டினாள். புதன்கிழமை, 'ரொம்பப் பயந்தா ஏன் குரல் வரமாட்டேங்குது?' அதற்குத் தொண்டையைப் படம் போட்டு விளக்கினாள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அடிக்காமல் திட்டாமல் பாடம் நடத்துவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று வேறு பள்ளிகளிலிருந்துகூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதே வகுப்பில் படிக்கும் சொந்த மகளுக்கும் தனிச் சட்டம் கிடையாது. நேற்றுத் தேர்வில் அவள் நான்கு மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டபோதும் டீச்சர் கை ஓங்கவில்லை. இன்று காலை கிளம்பும்போது, "இது தண்டனை இல்லடா, யோசிக்கிற நேரம்" என்று தன்மையாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் வீட்டிலிருந்து படிப்பார்கள். ஆசிரியர்கள் பள்ளிக்கு வந்து நடத்துவார்கள்.

இப்போது மூன்று கேள்விகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, மூன்றையும் கேட்டது மியூட்டுதான் என்று அவளுக்குப் பட்டது. வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, மியூட்டின் வீட்டுக்குப் போன் போட்டாள். அந்தப் பிள்ளையின் அம்மாவை இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட லாரி டிரைவர்தான் எடுத்தார்.

"பிள்ளையை எங்க வச்சிருக்கீங்க?"

"யார் பேசறது?"

"அவளோட சயின்ஸ் டீச்சர். மரியாதையா கதவைத் திறந்துவிடுங்க."

"எந்தக் கதவைம்மா?"

"நீங்க அதட்டினதை வகுப்பே கேட்டுச்சு."

"சின்னவன் அவ நோட்டைக் கிழிச்சான், அவனை அதட்டினேன். எங்க வீடே ஒரு ரூம்தான் டீச்சர். அதைப் பூட்டணும்னா நாங்க நாலு பேரும் தெருவுல வந்து நிக்கணும்."

"அவகிட்ட போனைக் குடுங்க."

"குடுக்கறேன். பேசினா உங்க அதிர்ஷ்டம்."

காதில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. எத்தனை தடவை கேட்டும் ஒரு வார்த்தை வரவில்லை. பக்கத்திலேயே நின்று அந்த ஆள் முறைத்துக்கொண்டிருக்கிறான் என்று டீச்சருக்குத் தோன்றியது. சந்தேகத்துக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கம்ப்யூட்டர் சாரின் அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

"சார், இந்தக் கேள்வி யார்கிட்டேருந்து வந்ததுன்னு பார்க்க முடியுமா?"

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தெரியவே தெரியாதுன்னு பசங்ககிட்ட சொல்லியிருக்கீங்களே."

"ஒரு பிள்ளையோட உயிர் சார். அந்த ஆள் பொய் சொல்றான். வீடு எதுன்னு எனக்குத் தெரியும். நீங்க உறுதி பண்ணுங்க, போலீசோட நானே போய்க் கதவை உடைக்கிறேன்."

கேள்வியைப் படித்ததும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. "பேர்தான் மறைஞ்சிருக்கும். பள்ளிக்கூடம் குடுத்த டேப்லெட்னா நம்பர் பதிவாகியிருக்கும். இருங்க."

அவர் தட்டத் தொடங்கினார். டீச்சரால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டே கால்.

"இவங்கல்லாம் பிள்ளை வளர்க்கற லட்சணத்தைப் பாருங்க சார்." அவள் மறுபடி கதவுப் பக்கம் திரும்பினாள். "மூணு தடவை அந்தக் குழந்தை என்கிட்ட கெஞ்சியிருக்கு. நான் படம் போட்டுக் காட்டியிருக்கேன்."

"மூணும் ஒரே டேப்லெட்தான்" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு இழுப்பறையிலிருந்து பதிவேட்டை எடுத்து, விரல் வைத்து எண்ணைத் தேடினார். ஓரிடத்தில் விரல் நின்றது. மறுபடி திரையைப் பார்த்தார். மறுபடி பதிவேட்டைப் பார்த்தார்.

"என்ன சார், அவதானே?"

அவர் பதிவேட்டை மெதுவாக மூடினார். "காலையில எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினீங்க?"

"ஏழரைக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்? நேரம் போயிட்டிருக்கு."

அவர் எழுந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"டீச்சர், உங்க பொண்ணை எந்த ரூம்ல வச்சுப் பூட்டிட்டு வந்தீங்க?"