முட்டை பப்ஸ்

அப்பாவின் திதியன்று காலை ஏழரை மணிக்குப் போன் பண்ணி, “நேத்திக்குச் சாயங்காலம் ஆபீஸ்ல முட்டை பப்ஸ் தின்னுட்டேன், மன்னி” என்று சொல்கிற பிள்ளையை என்னதான் செய்வது?

அனந்தலக்ஷ்மிக்கு ரிசீவரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

“திதிங்கற ஓர்மை இல்லாம தின்னுட்டானாம். ஓர்மை இல்லாம தின்னற சாதனமா அது?” என்று கணவர் சாம்பசிவனிடம் பொருமினாள்.

தம்பி ஹரிஹரனுக்கு ஊர்க்கோடியிலிருக்கும் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, தனி ஃப்ளாட். அங்கே என்ன தின்கிறான், எதைக் குடிக்கிறான் என்று யார் கண்டது? ஆனால் இன்றைக்கு சிராத்தம் பண்ண வேண்டியவனே அவன்தான்.

பதினோரு வருஷமாக அதைப் பண்ணியவர் மூத்தவர் சாம்பசிவன். இந்த வருஷம் அவருக்கு வலது கை இல்லை. பஸ் ஜன்னலுக்கு வெளியே கையை வைத்துக்கொண்டு கண்ணயர்ந்துவிட்டார். எதிரே வந்த லாரி முழங்கைக்குக் கீழே கொண்டுபோய்விட்டது.

ஏழு மாதமாகிறது. இடது கையால் பல் தேய்க்கவும் வேஷ்டி கட்டவும் ஆபீஸில் கையெழுத்துப் போடவும் பழகிக்கொண்டாயிற்று. சாப்பிடும்போது மட்டும் இன்னும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார்.

போன மாதம் புரோகிதர் நீலகண்ட வாத்தியார் வந்து கறாராகச் சொல்லிவிட்டார்.

“பித்ரு காரியத்துல இடது கை ஆகாது சாம்பா. இந்த வருஷம் ஹரி பண்ணட்டும்.”

பக்கத்திலேயே இருந்த ஹரி, “சரி, நானே பண்றேன்” என்றான். ‘அண்ணா இருக்கும்போது நான் எப்படி?’ என்று ஒரு பேச்சுக்காவது கேட்கமாட்டானா என்று சாம்பசிவன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கை போனபோதுகூட அவருக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

இப்போது என்னடா என்றால் இந்தக் கூத்து.

வாத்தியார் வந்தார். விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“முட்டை தின்னவன் கையால எள்ளும் தண்ணியுமா? வலியசாலையில உங்க தாயாதி ஒருத்தர் உண்டு. அவரைக் கூப்பிடலாம்னா நேரம் எங்க இருக்கு? பிராமணாளும் வந்தாச்சு. திதியை முடக்கப்படாது.”

மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“வேற வழியில்லை. நீயே உக்காரு. இருக்கற கையால பண்ணு.”

சாம்பசிவன் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அனந்தலக்ஷ்மி அவருடைய இடது மோதிர விரலில் பவித்ரத்தை மாட்டிவிட்டாள்.

‘எள்ளை எடுத்துக்கோ’ என்று வாத்தியார் சொன்னதும் முதலில் அசைந்தது இல்லாத கைதான். மொண்ணையான முழங்கை எழும்பி, தானே கீழே இறங்கியது. வாத்தியார் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

அனந்தலக்ஷ்மி மூக்கு வைத்த கிண்டியிலிருந்து தண்ணீர் விட்டாள். இடது உள்ளங்கையில் எள் நனைந்து பெருவிரல் வழியாக வழிந்தது. ‘அப்பா, இந்தக் கையால தரேன்னு நினைச்சுக்காதீங்கோ. இதுதான் மிச்சம் இருக்கு’ என்று சாம்பசிவன் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். கண்ணைத் துடைக்க வேறு கை இல்லை. அவள்தான் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது வாத்தியாரின் குரல் இறங்கியிருந்தது.

“மனசோட பண்ணினே. இனிமே அந்தப் பயலை நம்ப வேண்டாம். வருஷா வருஷம் நீயே பண்ணு.”

பிண்டத்தைக் கரைக்கக் கரமனை ஆற்றுக்குப் போனார் சாம்பசிவன். கடைசிப் படியில் ஹரி நின்றுகொண்டிருந்தான். ஈர வேஷ்டி, நெற்றியில் விபூதி.

“ஆச்சா, அண்ணா?”

“தள்ளி நில்லு. முட்டை தின்னவனுக்கு இங்க என்ன காரியம்?”

ஹரி ஒரு படி தள்ளி நின்றான்.

பிண்டத்தைக் கரைத்துவிட்டுப் படியேறும்போது சாம்பசிவனுக்குக் கால் வழுக்கியது. இடது கையில் தாம்பாளம். சுவரைப் பிடிக்க அந்தப் பக்கம் கை இல்லை. ஹரி பாய்ந்து வந்து தாங்கிக்கொண்டான். தாங்கிய வேகத்தில் அவனே தடுமாறிப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

“என்னடா?”

“ஒண்ணுமில்லை. தலை சுத்தறது.”

“பப்ஸ் தின்னவனுக்குத் தலை சுத்துமாக்கும்?”

ஹரி ஆற்றைப் பார்த்தபடி இருந்தான். அவன் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

“நேத்திக்கு மத்தியானத்துக்கு அப்பறம் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை. அப்பா திதியோன்னோ.”

சாம்பசிவன் தாம்பாளத்தைப் படியில் வைத்தார்.

“பின்னே ஏன்டா அப்படிச் சொன்னே?”

“அன்னிக்கே மாட்டேன்னிருந்தா, வாத்தியார் அந்தத் தாயாதியை ஏற்பாடு பண்ணியிருப்பார். கடைசி நிமிஷத்துல சொன்னாத்தான் உன்னை விட்டா வேற ஆளில்லை.”

சாம்பசிவன் தம்பியின் தோளைப் பிடித்து எழுப்பினார்.

“வாடா, நம்மாத்துக்குப் போலாம். வாத்தியார்கிட்ட நானே உள்ளதைச் சொல்லிடறேன். தெருவே உன்னைக் காறித் துப்பிண்டிருக்கு.”

“சொல்லாதே அண்ணா” என்றான் ஹரி. “நான் முட்டை தின்னவனா இருக்கற வரைக்கும்தான் அப்பாவுக்கு நீ தண்ணி விடலாம்.”