கடைசிக் கட்டம்

இளம்பரிதியின் மேசையில் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியும் ஒரு கணினியும் அருகருகே இருந்தன. பெட்டியில் அவன் விரும்பி ஆடிய விளையாட்டு ஒன்றுதான். அதன் கடைசிக் கட்டத்தை அவன் நெருங்கும்போதெல்லாம் திரை உறைந்துவிடும். தூசியென்று எண்ணி, கேசட்டைக் கழற்றி வாயால் ஊதிவிட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவான்.

"தூசியாவது ஒன்றாவது! நீங்கள்தாம் வேண்டுமென்றே நின்றுவிடுகிறீர்கள், அண்ணே," என்றது கணினி.

"மெல்லப் பேசு, தம்பி. உன்னிடம் அவன் ஆடி முடித்த விளையாட்டுகளை என்ன செய்தான்?" என்று கேட்டது பெட்டி.

"அழித்துவிட்டான்."

"அதனால்தான்."

அன்று இளம்பரிதி மீண்டும் கடைசிக் கட்டத்தை அடைந்தான். அவன் பொத்தான்களை ஆவலோடு அழுத்துவதைப் பெட்டி உணர்ந்தது. அத்தனை ஆசையை இன்னொரு முறை ஏமாற்ற அதற்கு மனம் வரவில்லை. திரை உறையவில்லை, அவன் வென்றான்.

பிறகு எழுந்துபோய் அலமாரியைத் திறந்தான்.

"உங்களுக்குத்தான் இடம் பார்க்கிறான். போய் வாருங்கள், அண்ணே," என்றது கணினி.

இளம்பரிதி அலமாரியிலிருந்து இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்துவந்து பெட்டியில் செருகினான்.

"மாதங்கி," என்று மனைவியை அழைத்தான். "இங்கே வந்து உட்கார். முதல் கட்டத்திலிருந்து உன்னோடு ஆடப் போகிறேன்."