மாதாவின் கால்கள்

"மாதாவோட காலை அறுத்து வித்திருப்பா. வேணும்னா எழுதி வெச்சுக்குங்க மேடம்" என்றார் கோயில் கமிட்டித் தலைவர்.

மரச்சிலைகளைச் சீர் செய்கிறவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் அவர் பேசியே இவள் காதில் ரத்தம் வரவைத்துவிட்டார்.

வெள்ளைக்காரர் ஆண்ட காலத்து மாதா. முகமும் கையும் மட்டும்தான் செதுக்கி வண்ணம் தீட்டியது. இடுப்புக்குக் கீழே வெறும் மரச்சட்டங்கள். தரை வரை தொங்கும் பட்டு அங்கி அதை மூடிவிடும். அங்கி மாற்றுவது பெண்கள், அதுவும் திரைக்குள்ளே. ஆண்கள் எட்டிப் பார்க்கக்கூடாது. தலைவருக்கு அதிலும் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

"ஆறு மாசமா அந்த அங்கிக்காரம்மா வேற யாரையும் திரைக்குள்ள விடறதில்ல. பழைய மரத்துக்கு வெளியில என்ன கிராக்கி தெரியுமா? சிலை கெட்டுப்போச்சுன்னு நீங்க எழுதிக் கொடுங்க. மாதாவை மியூசியத்துக்கு அனுப்பிட்டு ஃபைபர்ல புதுசா வெச்சுடறோம். அவளையும் நிறுத்திடறோம்."

அங்கிக்காரம்மா தூணோரம் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள். பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

பெண்கள் இருவரும் உள்ளே போய்த் திரையை இழுத்து மூடினார்கள்.

"அங்கியைத் தூக்குங்கக்கா."

"முகத்தை மட்டும் பார்த்துட்டுப் போயிடுங்களேம்மா."

"தூக்குங்க."

தூக்கினாள். தலைவர் சொன்னது பொய்யில்லை. முன்பக்கத்துச் சட்டம் இரண்டையும் காணோம். அறுத்த தடம் பளிச்சென்று தெரிந்தது.

சீர் செய்கிறவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இருநூறு வருஷத்து மரம்! எங்கக்கா அது?"

"அடுப்புல போட்டு எரிச்சுட்டேன்" என்றாள் அங்கிக்காரம்மா கிசுகிசுப்பாக. "கரையான். தொட்டா மாவா உதிர்ந்துச்சு. மேல ஏறி முகத்தையும் தின்னுடுமோன்னு பயந்து அறுத்துட்டேன். கமிட்டியில சொன்னா இதான் சாக்குன்னு மாதாவை அனுப்பிடுவாங்களே!"

"அப்போ சிலை எதுமேல நிக்குது?"

கேட்டவளே டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தாள்.

சட்டம் இருந்த இடத்தில் இரண்டு மர ஊன்றுகோல்கள். அக்குளில் வைத்து நடப்பார்களே, அது. சின்னப் பிள்ளை உயரம்தான். மாதாவின் இடுப்புக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. மேலே சுற்றிய துணியைக்கூடக் கழற்றவில்லை.

"மேடம், கால் இருக்கா இல்லையா?" வெளியிலிருந்து தலைவர் குரல் கொடுத்தார்.

"இருக்கு சார், ரெண்டும் திடமா இருக்கு" என்றாள் அவள். "கரையான் கொஞ்சம் வந்திருக்கு. மருந்து வெச்சு இங்கேயே சரி பண்ணிடலாம். எங்கேயும் அனுப்ப வேண்டாம்னு எழுதித் தரேன்."

அங்கிக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இது யாரோடதுக்கா?"

"என் மகளோடது."

"ஐயோ, அந்தப் பிள்ளை இப்போ எதை வெச்சு நடக்குது?"

"நான் சட்டத்தை அறுத்த அன்னிக்குத்தாம்மா அவ முதமுதல்ல கையில ஒண்ணுமில்லாம நடந்தா. மாதாவுக்கு நன்றி சொல்லலாம்னு, எதுக்கும் இருக்கட்டும்னு இதையும் எடுத்துக்கிட்டு, கூட்டிட்டு வந்தேன். மாதா அப்படியே முன்னால சாய்ஞ்சு கிடக்கறாங்க. நான் ஓடிப்போய்த் தாங்கிப் பிடிச்சேன், அவதான் இதை எங்கிட்ட நீட்டினா: 'இனிமே இது என்னைவிட அவங்களுக்குத்தாம்மா வேணும்.'"