எல்லாரும் ஏறியாச்சா?

முதலாளி ஈஸ்வரமூர்த்தி வாச்மேனின் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். விறைப்பாக ஒரு சல்யூட் வேறு வைத்தார். பஸ்ஸுக்குள் விசில் பறந்தது.

"வாச்மேனும் மனுசன்தானுங்களே? அவரும் டூர் போகட்டும். கம்பெனிக்குக் காவல் நான்!"

கிருபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புசெட் மோட்டார் செய்யும் அந்தக் கம்பெனிக்கு அவள் ஹெச்.ஆர். வேலைக்கு வந்து ஒரு வருஷம் இருக்கும். சம்பளப் பாக்கிக்காக வேலைநிறுத்தம் நடந்து, வழக்கு கோர்ட்டில் கிடந்த நேரம் அது. ஆபீஸ் ஆட்களைக் கண்டாலே தொழிலாளிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

"இவங்க சிரிச்சுக்கிட்டு வேலை செய்யோணும் கண்ணு. அது ஒண்ணுதான் உன்ற வேலை. செலவப் பத்திக் கவலப்படாத" என்று முதல் நாளே சொல்லியிருந்தார் முதலாளி.

அவளும் விடவில்லை. பிறந்த நாளுக்குக் கேக், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டுக்குப் பாட்டு, சாப்பாட்டு ஷெட்டில் கேரம் போர்டு. முதலில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றும் தாஜுன்னிசா ஒரு நாள் மைக்கை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். அன்றிலிருந்து கம்பெனியின் காற்றே மாறிவிட்டது. இன்று எல்லாருமாக ஆழியாறு அணைக்குக் கிளம்புகிறார்கள்.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டார் முதலாளி.

தம்பிதுரை மட்டும் ஏறவில்லை. லேத் மெசின் ஓட்டுகிறவர், தொழிற்சங்கத்தின் செயலாளர்.

"நான் வல்லீங்கம்மணி. நீங்க போயிட்டு வாங்க" என்றார் கிருபாவிடம்.

"ஏனுங்கண்ணா?"

"லீவு நாள்லயும் எங்காளு ஒருத்தரு உள்ளார இருக்கோணும்னு சங்கத்துல பேசி வெச்சதுங்க."

"எதுக்குங்கண்ணா அப்படி?"

தம்பிதுரை ஸ்டூலில் இருந்தவரை ஒரு பார்வை பார்த்தார்.

கிருபாவுக்கு முகம் வாடிவிட்டது. "எங்கப்பா அவிநாசிப் பக்கம் ஆயுசு பூரா அடுத்தவங்க தோட்டத்துல பாடுபட்டவருங்கண்ணா. ஒரு நல்லது பொல்லதுக்கு வாங்கன்னு ஒருத்தரும் அவரக் கூப்பிட்டதில்ல. நான் உங்களக் கூப்பிடறேன். எம்மேலகூட நம்பிக்கை இல்லீங்களா?"

தம்பிதுரை தலையைச் சொறிந்தார். "உங்களுக்காக வாரனுங்க" என்று படியில் கால் வைத்தார். பஸ் முழுக்கக் கைதட்டல். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் ஈஸ்வரமூர்த்தி.

பஸ் கிளம்பியதும் எல்லாருடைய செல்போனையும் சைலன்ட்டில் போட்டு ஒரு பையில் வாங்கிக் கட்டிவிட்டாள் கிருபா. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசட்டும் என்று அவளே யோசித்து வைத்திருந்த ஏற்பாடு அது.

அணைப் பூங்காவில் கயிறு இழுத்தார்கள், பொரித்த மீன் தின்றார்கள், ஆற்றில் இறங்கி ஆட்டம் போட்டார்கள். தலை சொட்டச் சொட்டக் கரையேறிய தம்பிதுரை, "கம்பெனி ஆளுகளோட இப்படிச் சிரிச்சு எத்தன வருசமாச்சோ! நல்லாயிருப்பீங்கம்மணி" என்றார். கிருபாவுக்கு அன்று அது போதுமாக இருந்தது.

திரும்பி வரும்போது துடியலூரில் பொழுது இறங்கிவிட்டது. பையை அவிழ்த்து செல்போன்களைக் கொடுத்தாள்.

"என்னம்மா இது, எங்க வீட்டுக்காரரு விடாமக் கூப்பிட்டிருக்காரு?" என்று பதறினாள் தாஜுன்னிசா. அவள் கணவர் நாகூர் மீரானுக்குக் கம்பெனிக்கு எதிரே பஞ்சர் கடை. திருப்பி அழைத்தாள். கேட்கக் கேட்க அவள் முகத்தில் இரத்தம் வற்றியது.

"கம்பெனிக்குள்ளார கிரேன் வந்துச்சாம். லாரி லாரியா ஏத்திட்டுப் போயிட்டாங்களாம்."

டிரைவர் தானாகவே பாட்டை நிறுத்தினார்.

கேட் ஆவென்று திறந்து கிடந்தது. ஷெட்டுக்குள் ஒரு மெசின்கூட இல்லை. எண்ணெய்க் கறையும், அறுத்துப் போட்ட ஒயர்களும், தரையில் பிடுங்கிய போல்ட்டுகளின் குழிகளும்தான் மிச்சம். யாரோ ஒரு பெண் பெருங்குரலெடுத்து அழத் தொடங்கினாள்.

தம்பிதுரை, தன் லேத் நின்ற இடத்தில் குந்தி உட்கார்ந்து தரையைத் தடவிப் பார்த்தார்.

"மெசின் உள்ளார இருக்கற வரைக்கும்தானுங்கம்மணி கேஸுல எங்களுக்குப் பிடிமானம். ராத்திரி பகல் பாக்காமக் காத்துட்டு இருந்தோம். இனி எந்த ஊர்ல போயித் தேடறது?"

அவர் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் கிருபாவால் தாங்க முடியவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். காலையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறியவர்கள்.

தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை அவர்கள் காதாலேயே கேட்கட்டும் என்று, முதலாளியை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். உடனே எடுத்தார்.

"சார், இவங்க மூஞ்சியில நான் எப்படிங்க சார் முழிப்பேன்? எங்கிட்டக்கூட ஒரு வார்த்த சொல்லலீங்களே!" செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கேக்கு, பாட்டு, வெளையாட்டுன்னு ஒரு வருசமா என்னையப் பண்ணச் சொன்னீங்களே, அதெல்லாம் அப்புறம் என்னத்துக்குங்க சார்?"

ஈஸ்வரமூர்த்தியின் குரல் எப்போதும்போல் கனிவாகவே இருந்தது.

"இந்த ஒரு நாளுக்குத்தான் கண்ணு."